பானையைக் கவிழ்த்துப் பார்ப்பதற்கு முன்

அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களின் பானை ஒன்று கையில் கிடைத்ததும் சேகரிப்பாளர் செய்யும் முதல் வேலை, அதைக் கவிழ்த்துப் பார்ப்பது. அடியில் பெயர் இருக்கிறதா? தவளைப் படமா, இறகா, மக்காச்சோளக் கதிரா? 'நாம்பேயோ' என்ற புகழ்பெற்ற குயவப் பெண்ணின் பெயர் எங்காவது தென்படுகிறதா? அந்தப் பெயர் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. மேலே தீட்டிய சித்திரத்தின் பக்கம் கண் போவது அதற்கப்புறம்தான்.

அடியைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த அடையாளம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது பானை பிறந்த ஊரும் வீடும் தெரிந்தவருக்கே பிடிபடும். அந்த வீட்டுக்கதை வெளியே சொல்லப்படுவதைவிடச் சிக்கலானது.

ஹோப்பி மக்களின் ஊர்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வடகிழக்கு மூலையில் இருக்கின்றன. வறண்ட பீடபூமியிலிருந்து தெற்கே விரல்களைப் போல நீளும் மூன்று தட்டைமலைகள். அவற்றை 'மேசா' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் மேசா என்றால் மேசை. போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்த மேசையும் அதே சொல்தான். கிழக்கிலிருந்து எண்ணினால் முதல் மேசா, இரண்டாம் மேசா, மூன்றாம் மேசா. கைத்தொழிலும் ஏறக்குறைய அப்படியே பிரிந்திருக்கிறது. இரண்டாம், மூன்றாம் மேசாக்களில் கூடை முடைவார்கள், முதல் மேசாவில் பானை வனைவார்கள். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் கையில் இருப்பது ஹோப்பிப் பானை என்றால் அது முதல் மேசாவிலிருந்தோ அதன் அடிவாரத்தில் இருக்கும் பொலாக்காவிலிருந்தோ வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முதல் மேசாவின் மேல் மூன்று ஊர்கள்: வால்பி, சிச்சோமோவி, ஹானோ. இவற்றில் ஹானோ ஹோப்பி ஊரே அல்ல. 1680-இல் ரியோ கிராண்டே ஆற்றுப் பகுதியின் பூர்வகுடிகள் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். சில ஆண்டுகளில் ஸ்பானியர் திரும்பி வந்ததும், அங்கிருந்த டேவா மக்களில் ஒரு பிரிவினர் 1700-ஐ ஒட்டி மேற்கே வந்து இங்கே குடியேறினார்கள். மலைக்கு ஏறும் பாதையைக் காவல் காக்க ஹோப்பிகளே தங்களை அழைத்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. வந்தவர்களை ஹோப்பிகள் முதலில் சரியாக நடத்தவில்லையாம். அந்தக் கோபத்தில் டேவாக்கள் ஒரு சாபமும் இட்டார்களாம்: நாங்கள் உங்கள் மொழியைப் பேசுவோம், எங்கள் மொழி உங்கள் வாயில் ஒருபோதும் வராது. ஹானோக்காரர்கள் இன்றும் ஹோப்பி பேசுவார்கள். ஹோப்பிகள் டேவா பேசுவதில்லை.

நாம்பேயோ பிறந்தது இந்த ஹானோவில், 1860 வாக்கில். அப்பா வால்பியைச் சேர்ந்த ஹோப்பி, பாம்புக் குலம். அம்மா டேவா, சோளக் குலம். இங்கே குலம் தாய்வழி வருவது, வீடும் பெண்களுடையது. ஆகவே மகளும் டேவாதான், சோளக் குலம்தான். ஹோப்பிப் பானைக்கு மறுவாழ்வு கொடுத்தவர் என்று உலகம் கொண்டாடும் பெண், அவர்கள் கணக்குப்படி குடியேறியவர்களின் வம்சம். இதைத் தெளிவாகச் சொல்ல 'ஹோப்பி-டேவா' என்று எழுதும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. பழைய அட்டைகளிலும் ரசீதுகளிலும் வெறும் 'ஹோப்பி' என்றுதான் இருக்கும்.

நாம்பேயோவைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1895-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக ஜெஸ்ஸி வால்டர் ஃபூக்ஸ் என்ற ஆய்வாளர், வால்பிக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த சிக்யாட்கி என்ற பாழூரைத் தோண்டினார். கல்லறைகளிலிருந்து அழகழகான பழைய கிண்ணங்களும் சாடிகளும் வந்தன. தோண்டியவர்களில் நாம்பேயோவின் கணவர் லேசோவும் ஒருவர். கிடைத்த பானைகளை அவர் மனைவிக்குக் காட்ட, அவர் அந்தச் சித்திரங்களைப் பார்த்து வரைந்துகொள்ள, செத்துப்போயிருந்த கலை உயிர்பெற்றது. கதை இவ்வளவுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபூக்ஸ் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பகுதியில் தாமஸ் கீம் என்பவர் கடை போட்டிருந்தார். பழம்பானைகளை வாங்கிச் சேர்த்தார், அவற்றைப் போலச் செய்து தரும்படி உள்ளூர்ப் பெண்களிடம் கேட்டு அவற்றையும் வாங்கி விற்றார். அவர் சேர்த்ததில் பெரும்பகுதி இன்று ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாழூர்களில் உடைந்த பழம்பானை ஓடுகளுக்கும் பஞ்சமில்லை. குனிந்தால் கையில் கிடைக்கும். ஃபூக்ஸ் தமது 1898 அறிக்கையிலேயே நாம்பேயோவைத் தேர்ந்த கலைஞர் என்று குறிப்பிட்டு, புதுப்பானையைவிடப் பழம்பானைக்குச் சந்தையில் கிராக்கி அதிகம் என்பதைக் கண்டு அவர் சிக்யாட்கி பாணியை அச்சு அசலாகச் செய்கிறார் என்று எழுதினார். அகழாய்வுக் கூடாரத்துக்கு அவர் படம் வரைந்துகொள்ள வந்தது உண்மைதான். ஏற்கெனவே அந்த வழியில் நடந்துகொண்டிருந்தவர் வந்தார் என்பதுதான் இன்றைய ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

பழைய கதை ஏன் இவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டது? அதில் பண்டிதருக்கு நல்ல வேடம் இருக்கிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் தோண்டினார், அதனால் கலை பிழைத்தது என்றாகிவிடுகிறது. சந்தையின் போக்கைப் பார்த்துத் தானே முடிவெடுத்த ஒரு பெண் அந்தக் கதையில் காணாமல் போகிறார்.

அவர் செய்ததும் வெறும் நகல் அல்ல. 1920-களில் ரூத் பன்ஸெல் என்ற மானிடவியலாளர், பூவெப்லோ என்று பொதுவாக அழைக்கப்படும் இந்தப் பூர்வகுடிகளின் ஊர்களில் குயவப் பெண்களோடு உட்கார்ந்து, தானும் மண் பிசைந்து பழகினார். ஹானோவில் ஒரு பெண் அவரிடம் சொன்னது பிரபலமானது. அந்தப் பெண் நாம்பேயோதான் என்று கருதப்படுகிறது. தொடக்கத்தில் பழைய ஊருக்குப் போய் ஓடுகளைப் பொறுக்கிவந்து பார்த்துப் போட்டேன், இப்போது கண்ணை மூடினால் வடிவம் தெரிகிறது, அதைத் தீட்டுகிறேன் என்பதுதான் அதன் சாரம்.

எதிலிருந்து எதற்கு மாறினார் என்று தெரிந்தால்தான் அந்த மாற்றத்தின் அளவு புரியும். 19-ஆம் நூற்றாண்டில் முதல் மேசாவில் ஓடியது வேறு சரக்கு. தடித்த வெள்ளைப் பூச்சு, சுட்டதும் அதில் மெல்லிய வெடிப்புகள், அண்டையில் இருக்கும் ஸூனி மக்களின் சாயல். சிக்யாட்கியின் மஞ்சள் பானை அதற்கு மூன்று நூற்றாண்டு முந்தியது. வெண்பூச்சு கிடையாது, மண்ணை நேரடியாக மெருகேற்றி அதன் மேலேயே சிவப்பும் கறுப்புமாகத் தீட்டுவார்கள். சிக்யா என்றால் ஹோப்பியில் மஞ்சள். அகன்ற தோள், கிட்டத்தட்டத் தட்டையான மேற்பரப்பு, நடுவில் சின்ன வாய் என்று சாடியின் உருவமே வேறு. நாம்பேயோ சித்திரத்தோடு அந்த உருவத்தையும் மீட்டார். இதை நான் சித்திரத்தைவிடப் பெரிய சாதனை என்பேன். தோள் அவ்வளவு அகலமாக நீளும்போது ஈரமண் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். சக்கரம் கிடையாது, எல்லாம் கையால் திரி திரியாக அடுக்கி எழுப்புவதுதான்.

செய்முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சேகரிப்பவருக்குக் கண்ணைப் பழக்குவது இதுதான். மேசாவைச் சுற்றித் தோண்டியெடுக்கும் சாம்பல்நிறக் களிமண்ணை ஊறவைத்து, வடிகட்டி, பிசைவார்கள். அடித்தட்டு ஒன்றில் தொடங்கித் திரிகளை ஏற்றி, சுரைக்குடுக்கை ஓட்டால் வழித்து ஒப்புரவாக்குவார்கள். காய்ந்ததும் தேய்த்து மெலிதாக்கி, கூழாங்கல்லால் மணிக்கணக்கில் மெருகிடுவார்கள். அந்தக் கல் பல வீடுகளில் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருவது. தீட்டுவதற்கு யக்கா என்ற வறண்டநிலச் செடியின் இலையைக் கீறி, நுனியை மென்று நார் நாராக்கிய தூரிகை. கறுப்புக்கு, கடுகு இனத்துக் காட்டுக்கீரை ஒன்றைக் கொதிக்கவைத்துக் கெட்டியாக வற்றவைத்து, அதோடு ஹெமடைட் என்ற இரும்புக்கல்லை உரசிச் சேர்ப்பார்கள். சிவப்புக்கு இரும்புச்சத்துள்ள மஞ்சள் மண். தீட்டும்போது மஞ்சள், சுட்டபின் சிவப்பு. பென்சில் கோடு கிடையாது. சாடியின் வட்டத்தைக் கண்ணாலேயே பங்கு பிரித்து, தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும்.

அப்புறம் நெருப்பு. சிக்யாட்கி காலத்தில் நிலக்கரியால் சுட்டார்கள். அந்தத் தெளிந்த மஞ்சளுக்கு அந்தச் சூடு ஒரு காரணம். ஸ்பானியரோடு ஆடு வந்தபின் பட்டியில் மிதிபட்டு இறுகிய ஆட்டெரு எரிபொருளானது. திறந்த வெளியில் பானைகளை அடுக்கி, எரு நேரடியாகப் படாமல் உடைந்த ஓடுகளால் மூடி, மேலே வரட்டி போல எருக்கட்டிகளை அடுக்கிக் கொளுத்துவார்கள். காற்று ஒருபக்கம் கூடுதலாகப் புகுந்தால் அங்கே நிறம் மாறும். அதனால்தான் நல்ல ஹோப்பிப் பானையில் ஒரே நிறம் இருக்காது. வெண்ணெய் நிறத்தில் தொடங்கித் தேன்நிறமாகி, ஓரிடத்தில் கன்னம் சிவந்தாற்போல ஆரஞ்சு படர்ந்திருக்கும். எரு நேராகப் பட்ட இடத்தில் கரும்புகைத் திட்டு விழும். புதிதாக வாங்க வருபவர் இந்த நிறமாற்றங்களைக் குறை என்று நினைத்து ஒதுக்குவார். விவரம் தெரிந்தவர் அந்தச் செம்மையைத்தான் தேடுவார், மின்சூளை அதைத் தராது. சுற்றிலும் ஒரே சீரான நிறம் இருந்தால் சந்தேகப்படுவதற்கு அதுவே போதும்.

இப்போது அடையாளத்துக்கு வருவோம். நாம்பேயோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் புகழ்பெற்றது ரயில் சுற்றுலாவின் காலத்தில். கிராண்ட் கேன்யனின் விளிம்பில், ரயில் பயணிகளுக்கு விடுதிகள் நடத்திய ஃப்ரெட் ஹார்வி நிறுவனம் மேரி கோல்ட்டரின் வடிவமைப்பில் கட்டிய 'ஹோப்பி ஹவுஸ்' 1905-இல் திறந்தபோது, குடும்பத்தோடு அங்கே தங்கிப் பயணிகள் முன் வனைந்தார். 1907-இல் மறுபடியும் போனார். 1910-இல் சிகாகோவுக்கும் போனார். அங்கெல்லாம் விற்ற பானைகளின் அடியில் சிலவற்றில் கடையின் காகித ஒட்டுச்சீட்டு இருக்கும், பலவற்றில் ஒன்றும் இருக்காது. சீட்டு உதிர்ந்தால் பெயரும் போயிற்று.

இதைவிடப் பெரிய சிக்கல் கண்ணில் வந்தது. டிரகோமா என்ற கண்நோயால் அவர் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 1920 வாக்கில் நுண்ணிய கோடு போட முடியாத நிலை. ஆனால் கைக்கு மண் தெரியும். 1942-இல் இறக்கும்வரை தடவித் தடவியே வனைந்தார். தீட்டியது வீட்டார்: மகள்கள் ஆனி ஹீலிங், நெல்லி, ஃபேனி. கணவர் லேசோவும் தீட்டினார் என்று சொல்வார்கள். அப்படியானால் 1925-இல் வந்த ஒரு சாடி யாருடையது? உருவம் அம்மாவுடையது, கோடு மகளுடையது. பென்சிலால் 'நாம்பேயோ' என்று எழுதியிருந்தால் எழுதியது நிச்சயம் அவரல்ல. மகளின் பெயரும் சேர்ந்திருந்தால் யார் என்ன செய்தார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். சந்தைக்கு ஒரு பெயர்தான் வேண்டும். அந்த வீட்டிலோ ஒரு பானைக்கு நான்கு கைகள் பட்டிருக்கின்றன. பெயரில்லாத நல்ல பானையைப் பார்த்தால் 'நாம்பேயோவாக இருக்கலாம்' என்று எழுதி விலையை ஏற்றும் வழக்கம் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது.

அப்புறம் அந்தப் பெயர் குடும்பப் பெயராகவே ஆனது. பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் தங்கள் பெயரோடு நாம்பேயோ என்று சேர்த்துக்கொண்டார்கள். சிலர் சோளக் குலத்தின் அடையாளமாகக் கதிர் வரைந்தார்கள். ஆனியின் மகள் ரேச்சல், ரேச்சலின் மகள் டெக்ஸ்ட்ரா குவோட்ஸ்குய்வா என்று போகும் கிளையில் டெக்ஸ்ட்ராவை (1928–2019) மட்டும் குறிப்பிட்டாக வேண்டும். கொள்ளுப்பாட்டியின் வடிவங்களில் நன்றாக ஊறியபின், உடைந்த ஓடுகளையே ஓவியப் பொருளாக்கி ஒரு சாடி முழுக்கச் சிதறவிட்டவர் அவர். ஃபேனியின் மகன் தாமஸ் பொலாக்கா தீட்டுவதைவிடச் செதுக்குவதில் இறங்கினார். பெண்கள் தொழிலாக இருந்ததில் ஆண்களும் வந்துவிட்ட காலம் அது.

நாம்பேயோ குடும்பத்தையே பேசிக்கொண்டிருந்தால் மற்ற வீடுகளுக்கு அநியாயம் ஆகும். எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுவது நாஹா வீடு. பாக்வா நாஹாவின் பெயரிலேயே தவளை இருக்கிறது, ஹோப்பியில் பாக்வா என்றால் தவளை. தம் பானைகளின் அடியில் தவளை வரைந்தார். 1950-களின் தொடக்கத்தில், கடைசிக் காலத்தில், வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பும் சிவப்புமாகத் தீட்டும் பாணியைக் கொண்டுவந்தார், 1955-இல் இறந்துவிட்டார். அதைப் பெரிதாக வளர்த்தது மகள் ஜாய் நவாசி (1919–2012). அவரும் தவளையே வரைந்தார். அம்மா, மகள் இருவருக்கும் ஒரே அடையாளம் என்றால் பிரிப்பது எப்படி? கால்விரலைப் பார்க்க வேண்டும். அம்மாவின் தவளைக்கு விரல்கள் தனித்தனி. மகளின் தவளைக்கு விரலிடையில் சவ்வு உண்டு. ஒரு பென்சில் முனை அளவு வித்தியாசம்தான். விலைச்சீட்டில் அது பெரிதாகத் தெரியும். வெள்ளைப் பானையில் தவளையைக் கண்டதும் 'பாக்வா' என்று துள்ளுகிறவர்கள் உண்டு. அம்மா அந்தப் பாணியில் செய்தது சில ஆண்டுகளே என்பதை நினைவில் வைத்தால் துள்ளல் அடங்கும்.

அதே வீட்டுக்கு மருமகளாக வந்தவர் ஹெலன் நாஹா (1922–1993). இறகு வரைந்து கையெழுத்திட்டதால் 'இறகுப் பெண்' என்று பெயர். இவர் மாமியாரின் வழியையே பிடித்துக்கொண்டு போகவில்லை. 1700-இல் அழிந்த அவடோவி என்ற ஊரின் பாழிடத்தில் கிடக்கும் ஓடுகளிலிருந்து, கறுப்பு-வெள்ளைக் கட்டங்களும் நட்சத்திரமும் கொண்ட வேறொரு உலகத்தை எடுத்தார். வெள்ளைப் பூச்சை உள்ளும் வெளியும் கண்ணாடி போல மெருகிடுவது அவர் கைவண்ணம். பிள்ளைகளும் இறகைத் தொடர்ந்தார்கள், தங்கள் அடையாளத்தை உடன் சேர்த்து.

குடும்ப மரபு என்று சொல்லும்போது ஆற்றொழுக்காக ஒரு கோடு மனதில் வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. மறுவாழ்வு தந்தவர் குடியேறியவர்களின் வம்சம். எடுத்த வடிவம் செத்துப்போன பக்கத்து ஊருடையது. ஒரு வீட்டின் புகழ்பெற்ற பாணி மருமகள் தரையில் பொறுக்கியது. தரையில் கிடந்ததை எடுப்பது யாரும் செய்வார்கள். அதைக் கையில் பழக்கித் தன்னுடையதாக்கி, அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் அது மரபானது. நாம்பேயோவின் அண்டைவீட்டுக்காரர் கிரேஸ் சப்பெல்லா (1874–1980) ஒரு பட்டாம்பூச்சி வடிவத்தைத் தம்முடையதாக்கினார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். கொள்ளுப் பேரன் மார்க் டாஹ்போ அதைத் தொடர்ந்தார். கார்னெட் பவாடியா சிவப்புச் சாடிகளின் கழுத்தைச் சுற்றி, டப்பா திறக்கும் கருவியின் முனையால் முக்கோணக் குழிகள் பதித்தார். இன்று அதுவும் மரபுதான்.

அடியில் பெயர் போடும் பழக்கமே பெரும்பாலும் வெளியாரின் தேவைக்காக வந்தது. ஃப்ளாக்ஸ்டாஃபில் 1928-இல் தொடங்கிய வடக்கு அரிசோனா அருங்காட்சியகம், 1930 முதல் ஆண்டுதோறும் ஹோப்பிக் கைவினைக் கண்காட்சி நடத்தியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான மேரி ரஸல் ஃபெரல் கோல்ட்டன் முன்னின்று, தரத்தையும் தனித்தனிக் குறிகளையும் வலியுறுத்தினார். ஊருக்குள் அந்தக் குறி தேவைப்படவில்லை; யார் கை என்று பார்த்தாலே தெரியும்.

சித்திரத்தின் பொருள் என்ன என்ற கேள்விக்கு வந்தால் வழுக்கும் தரை. ஃபூக்ஸுக்கு எதைப் பார்த்தாலும் பறவைதான். வளைவு என்றால் இறகு, முக்கோணம் என்றால் வால், நீண்டால் அலகு. நிறைய எழுதினார், அவர் சொன்ன பெயர்கள் விற்பனைப் பட்டியல்கள்வரை இறங்கி இன்றும் புழங்குகின்றன. பன்ஸெல் போய்க் குயவப் பெண்களையே கேட்டபோது வேறு காட்சி. ஒரே வடிவத்துக்கு ஆளுக்கொரு பெயர் வந்தது, சிலர் பொருளே சொல்லவில்லை. எப்படி இடம் பிரிப்பது, எங்கே கனம் சேர்ப்பது, எங்கே வெறுமையாக விடுவது என்பதைப் பற்றித்தான் அவர்கள் நிறையப் பேசினார்கள்.

நாம்பேயோ வீட்டின் புகழ்பெற்ற வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாடியின் தோள் முழுக்கச் சுற்றிவரும் கொக்கி வளைவுகள், நடுவே மயிரிழை போல நெருங்கிய இணைகோடுகள். ஃபேனியின் குடும்பம் இதை 'இடப்பெயர்வு' வடிவம் என்று விளக்குகிறது: ஹோப்பிக் குலங்கள் திசை திசையாக நடந்து வந்த பயணம். அதைச் சிறகு என்று பார்ப்பவர்களும் உண்டு. எது சரி? ஐந்நூறு ஆண்டுக்கு முன் முதலில் தீட்டிய கை என்ன நினைத்தது என்பது யாருக்கும் எட்டாது. ஆனால் பல தலைமுறையாக அந்த வடிவத்தைப் போட்டுவரும் வீடு அதற்கு ஒரு பொருள் கொடுக்கிறது என்றால், இன்றைய சாடிக்கு அதுவே பொருள். அந்தப் பொருளைப் பழைய ஓட்டின் மேல் ஏற்றாமல் இருந்தால் சரி.

கேட்டாலும் சொல்லாத பொருள்களும் இருக்கின்றன. ஹோப்பிச் சமய அறிவு, தீட்சை பெற்றவர்களுக்குள் படிப்படியாகக் கைமாறுவது. ஊருக்குள் படம் எடுக்கவே அனுமதி இல்லை. கட்சினா என்ற தெய்வ ஆவிகளின் உருவங்களை விற்பனைப் பானையில் தீட்டலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. விற்பவர் 'இது மழை தேவதை, இது வளம்' என்று கடகடவென்று ஒப்பித்தால், அது ஊரிலிருந்து வந்ததா, கடையிலிருந்து வந்ததா என்று யோசிக்க வேண்டும்.

வாங்க நினைப்பவருக்குச் சில வார்த்தை. வாழும் கலைஞரிடமே வாங்குவது எல்லா வகையிலும் நல்லது; நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபேயில் 1922 முதல் நடக்கும் 'இந்தியன் மார்க்கெட்' என்ற பூர்வகுடிக் கலைச் சந்தை அதற்கான பெரிய இடம். பூர்வகுடிக் கைவினை என்று பொய் சொல்லி விற்பது அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், தனிநபருக்கு இரண்டரை லட்சம் டாலர்வரை அபராதமும் ஐந்தாண்டுவரை சிறையும் உண்டு. பழைய பானை என்றால் புற ஊதா விளக்கில் பாருங்கள், ஒட்டிச் சாயம் பூசிய இடம் தனியாக ஒளிரும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். இவை குறைந்த சூட்டில் சுட்டவை, பளபளப்பு கண்ணாடிப் பூச்சு அல்ல, கல் தேய்த்த மெருகு. ஈரம் ஏறினால் மெருகும் வண்ணமும் உரியும். பூச்சாடியாக வைத்துக் கெடுத்தவர்கள் ஏராளம்.

சிக்யாட்கி காலத்துப் பானை விற்பனைக்கு வந்தால் முதல் கேள்வி அழகைப் பற்றியதாக இருக்கக் கூடாது. எங்கிருந்து, எப்போது எடுத்தது? கூட்டாட்சி நிலத்திலோ பூர்வகுடி நிலத்திலோ அனுமதியின்றி எடுத்தது 1979-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றப்பொருள். முழுசாகக் கிடைக்கும் கிண்ணம் பெரும்பாலும் கல்லறையிலிருந்து வந்தது. ஓட்டை உடைசல் இல்லாமல் பல நூற்றாண்டு கிடப்பதற்கு அது ஒன்றுதான் இடம். கல்லறைப் பொருள்களைத் திருப்பித் தரும் கடமையை 1990-இல் வந்த இன்னொரு சட்டம் அருங்காட்சியகங்கள் மேல் வைத்தது. வெளிநாட்டுக்குக் கடத்துவதைத் தடுக்கும் சட்டம் 2022 டிசம்பரில் வந்தது. 2013-இல் பாரிஸில் ஹோப்பிப் புனித முகமூடிகள் ஏலம் போனபோது நீதிமன்றம் தடுக்க மறுத்ததும், அமெரிக்க அறக்கட்டளை ஒன்று ஏலத்தில் கலந்துகொண்டு இருபதுக்கும் மேற்பட்டவற்றை வாங்கித் திருப்பிக் கொடுத்ததும் இதன் பின்னணியில் இருக்கின்றன.

ஃபூக்ஸ் 1895-இல் எடுத்துப்போன நூற்றுக்கணக்கான கலங்கள் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. எந்தக் கிண்ணத்தைப் பார்த்து நாம்பேயோ கூடாரத்தில் உட்கார்ந்து படம் வரைந்தாரோ, அது அவர் ஊரிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போனது. அவரிடம் மிஞ்சியது அந்தத் தாளும், பாழூரில் கிடந்த ஓடுகளும்.